நாணயம், நோட்டு, லேபிள் சேர்ப்பவர்களே, பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

பொருநைக்காசு (திருநெல்வேலி):

வணக்கம். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தாய்மாமன் கேட்டார்: "மாப்பிள்ளை காசு சேர்க்கிறாராமே, அப்படியானால் சம்பாதிப்பது யார்?" கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். 1950க்குப் பிந்தைய இந்திய நாணயங்களை ஆண்டு வாரியாகவும் நாணயச்சாலை வாரியாகவும் சேர்க்கிறேன். வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி. அப்பாவுக்கு இது வேலையற்றவன் வேலை, அம்மாவுக்கு இது பணக்காரர் விளையாட்டு. இரண்டும் இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. கண்காட்சிகளில் வருடக்கணக்காகப் பார்க்கும் முகங்களில் ஒருவரை 'ஹைதராபாத் நட்சத்திரம்' அண்ணன் என்று தெரியும், இன்னொருவரைப் 'பிழை நோட்டு' சார் என்று தெரியும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று மட்டும் தெரியாது. தொழிலைக் கேட்பது நம் வட்டத்தில் ஏனோ வழக்கமில்லை.

ஆகவே இங்கே கேட்டுவிடுகிறேன். என்ன வேலை பார்க்கிறீர்கள்? அந்த வேலையால் சேகரிப்புக்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை இடைஞ்சல்தானா? சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

பழைய கேஷியர் (மதுரை):

தம்பி, நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். காகிதப் பணம் மட்டும்தான் சேர்க்கிறேன். நாணயத்தின் பொடி எழுத்து என் கண்ணுக்கு ஒத்துவராது.

வங்கிக்காரனுக்கு எல்லாம் மடியில் வந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விழும்தான், ஆனால் எடுக்க முடியாது. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு சட்டைப்பைக்கும் பணப்பெட்டிக்கும் நடுவே கை போய்வந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? வேண்டிய நோட்டைக் கண்டால் ஒதுக்கி வைத்து, கணக்கு முடிந்தபின் பக்கத்து கேஷியரிடம் வாடிக்கையாளரைப் போலவே பணம் கொடுத்து மாற்றிக்கொள்வேன். அதற்குள் மேலாளர் வேறு யாருக்காவது அந்தக் கட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டால் போனது போனதுதான்.

வேலை கொடுத்தது நோட்டை அல்ல, நோட்டு எப்படிப் பயணம் செய்கிறது என்ற அறிவை. 2006இல் நட்சத்திர வரிசை வந்தது. அச்சில் பழுதான நோட்டுக்கு அதே எண்ணை மறுபடி அடிப்பதை விட்டுவிட்டு, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டை வைத்தார்கள். முதலில் 10, 20, 50 ரூபாயில் மட்டும். அப்படிப்பட்ட நோட்டு உள்ளே இருந்தால் நோட்டுக் கட்டைச் சுற்றிய காகிதப் பட்டையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பட்டையைப் படித்துவிட்டுக் கிழிக்கும் கேஷியர் குறைவு. படிக்காமல் கிழித்துக் குப்பையில் போட்டவர்களே அதிகம்.

ஸ்டேப்ளர் துளையையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்துமாறு ரிசர்வ் வங்கி 2001இல்தான் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் நூறு நோட்டையும் தடித்த கம்பியால் குத்தித்தான் அனுப்புவோம். கட்டைப் பிரிக்க எங்களுக்கு நகம் பிய்ந்துபோகும். 1990களின் நோட்டு எவ்வளவு மொடமொடப்பாக இருந்தாலும் ஓரத்தில் துளை இருப்பதுதான் முறை. துளையே இல்லாத அந்தக் காலத்துச் சலவை நோட்டைக் கண்டால், அது எப்படித் தப்பித்தது என்று நான் ஒரு நிமிடம் யோசிப்பேன்.

எல்லோரும் ஆல்பத்தை எடுத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளில் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை. 26ஆவது நோட்டு வைத்திருப்பவருக்கு நான் ஜாமீன் எடுக்க வரமாட்டேன்.

உன் அப்பாவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி நாளிதழ் நடத்திக்கொண்டேதான் சங்க காலப் பாண்டியர் காசில் 'பெருவழுதி' என்ற பெயரை வாசித்தார். நாளிதழ் ஆசிரியருக்கு ஓய்வு நேரம் எவ்வளவு இருக்கும் என்று நீயே நினைத்துப்பார்.

கண்டக்டர் (கரூர்):

கேஷியர் ஐயாவுக்குச் சலவை நோட்டு வாய்த்தது. எனக்கு வாய்த்தது வியர்வையில் நனைந்த சில்லறை. அரசுப் பஸ்ஸில் நடத்துநர், கரூர்–திருச்சி தடம். அதற்கு முன் நெடுங்காலம் டவுன் பஸ்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பையிலிருந்து எடுத்துக்கொள்வாயா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டூட்டி ஏறும்போது என் சொந்தக் கைப்பணம் எவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். வழியில் செக்கிங் ஏறினால் பைப்பணத்தையும் விற்ற டிக்கெட்டையும் ஒப்பிடுவார்கள், என் சட்டைப்பையையும் பார்ப்பார்கள். எழுதியதற்கு மேல் ஐந்து ரூபாய் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே ஓடும் வண்டியில் காசு மாற்றும் பேச்சே இல்லை. வேண்டிய காசு வந்தால் டிக்கெட் தாளில் மடித்துப் பையின் உள்ளறையில் போட்டுவிடுவேன். அப்போதும் அது வண்டிப் பணம்தான். இரவு டிப்போவில் பணம் கட்டும்போது, வாங்குபவர் கண் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து, என் இரண்டு ரூபாயை வைத்துவிட்டு அந்த இரண்டு ரூபாயை எடுத்துக்கொள்வேன். "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். பதில் சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்.

கூட்ட நேரத்தில் காசைப் பார்க்க முடியுமா? பார்ப்பதில்லை, தடவுகிறேன். குளித்தலையில் ஏறும் கூட்டத்தில் இடது கை விரல் இடுக்குகளில் நோட்டு, வலது கையில் டிக்கெட் மெஷின். சில்லறை உள்ளங்கையில் விழுந்ததும் கட்டைவிரல் தானாகவே விளிம்பைச் சுற்றிவரும். பழைய இரண்டு ரூபாய்க்குப் பதினொரு மூலை. 2005க்குப் பின் வந்த எஃகுக் காசு வட்டம். மூலை தட்டுப்பட்டாலே எனக்குள் ஒரு துள்ளல், ஏனென்றால் 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் அந்த மூலைக் காசில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து ரூபாயைக் கனத்திலேயே சொல்லிவிடலாம். பழைய தடித்த காசு 9 கிராம், பின்னால் வந்த எஃகுக் காசு 6 கிராம். தடித்ததை உருக்கி பிளேடு செய்கிறார்கள் என்று செய்தித்தாள்களில் வந்ததே, அதன் பிறகு அது கையில் விழுவது குறைந்துகொண்டே போனது. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பார்க்கத்தான் வண்டி நிற்க வேண்டும். திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் மற்றவர்கள் டீ குடிக்கும்போது நான் வெளிச்சம் தேடிக் காசைத் திருப்பிக்கொண்டிருப்பேன். வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.

ஒரு பெரியவர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயைக் கொடுத்தார். 2009இல் வந்தது, அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தே அதில் பொறித்திருக்கும். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் செல்லாத காசு என்று பயந்து, "தெரியாமல் கொடுத்துவிட்டேன் தம்பி" என்று வேறு காசை நீட்டினார். அண்ணா என்று சொன்னதும் காசைத் திருப்பிக் கேட்டார்! கொடுத்துவிட்டேன். அவருக்கு இல்லாத உரிமையா எனக்கு?

பத்து ரூபாய் நாணய விஷயத்தில் எனக்கு லாபம் ஊர் வதந்தியால் வந்தது. செல்லாது என்று யாரோ கிளப்பிவிட, மளிகைக் கடையும் டீக்கடையும் வாங்க மறுத்தன. வீடுகளில் கிடந்தது எல்லாம் பஸ்ஸுக்கு வந்தது. நாங்கள் வாங்கியாக வேண்டும், ஆனால் மீதிச் சில்லறையாகக் கொடுத்தால் பயணி வாங்கமாட்டார். தினமும் வாய்ச்சண்டை. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த செய்தியைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு, சண்டைக்கு வருபவர்களுக்குக் காட்டுவேன். அந்த 14 வடிவங்களும் இன்று என் ஆல்பத்தில் இருக்கின்றன. ஒன்றைக்கூட வியாபாரியிடம் வாங்கவில்லை.

டவுன் பஸ்ஸில் நல்ல காசு தந்தவர்கள் பாட்டிமார்கள். சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் எத்தனையோ காலம் கிடந்து, சுண்ணாம்புக் கறையோடு வரும். 25 பைசா 2011 ஜூனோடு செல்லாமல் போன பிறகும் சில பாட்டிகள் அதை எண்ணி எண்ணி நீட்டுவார்கள். அதற்கு என் கைப்பணத்தைப் போட்டு டிக்கெட் கொடுத்திருக்கிறேன், அது தனிக் கதை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. நல்ல திட்டம், என் தங்கையே அதில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். ஆனால் சுருக்குப்பைகள் அன்றோடு எனக்கு மூடிக்கொண்டன. வெளியூர் வண்டிக்கு நான் மாற்றல் கேட்டதில் இதற்கும் பங்கு உண்டு என்றால் வீட்டில் நம்பமாட்டார்கள்.

கரூர் என்றதும் அமராவதி ஆற்றுச் சேரர் காசும் ரோமானியக் காசும் இருக்கிறதா என்று தனிச்செய்தி அனுப்புகிறீர்கள். இல்லை. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஓய்வூதியத்தோடு விளையாட எனக்கு ஆசையில்லை. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

நாணய வியாபாரி (சென்னை):

நான் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறேன். அதனால் என்னிடம் சேகரிப்பு என்று ஒன்றும் இல்லை. நல்ல காசு வந்தால் வாடகை நாள் வரைக்கும்கூடத் தங்காது.

வாங்க வருபவர்களைப் பற்றிச் சொல்லலாம். மருத்துவர்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் போன் செய்வார்கள், பேரம் பேசமாட்டார்கள், பேச நேரமில்லை. ஆசிரியர்கள் மணிக்கணக்கில் பேசிவிட்டு ஒன்று வாங்குவார்கள், ஆனால் வாங்கியதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்துவைத்திருப்பார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர் மாநில எல்லை தாண்டும்போதெல்லாம் அங்கே புழங்கும் சில்லறையை மாற்றிக்கொண்டு வந்து நாணயச்சாலை வாரியாகப் பிரிப்பார். கேபினில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி.

சலிப்பு தருவது வேறொரு கூட்டம். ஒரு ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். முன்பணம் கட்டச் சொல்லி யாரோ கேட்டு, கட்டியும் விடுகிறார்கள். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதை அச்சடித்துக் கடையில் ஒட்டியிருக்கிறேன். படித்துவிட்டும், "அது மற்றவர்களுக்கு, என் காசைப் பாருங்கள்" என்கிறார்கள்.

குச்சிமருந்து (சிவகாசி):

அண்ணன்மார்கள் எல்லாம் பணத்தையே சேர்க்கிறீர்கள். நான் தீப்பெட்டி லேபிள். ஆஃப்செட் பிரஸ்ஸில் அச்சான ஷீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. சிறுமியாக இருந்தபோது அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். படம் நன்றாக இருந்த லேபிளை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டதுதான் தொடக்கம்.

வேலைக்கும் இதற்கும் ஒரு வேடிக்கையான பகை உண்டு. நிறம் விலகிப்போய், புலியின் மஞ்சள் புலிக்கு வெளியே நிற்கும் லேபிள் என்றால் வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவார்கள். எங்கள் பிரஸ்ஸில் அப்படி ஒரு ஷீட் வெளியே போனால் திட்டு எனக்குத்தான் விழும். பகல் முழுக்க அதைப் பொறுக்கிக் கழிவில் போடுகிறேன், மாலையில் அதே மாதிரி ஒன்றுக்காக நாக்பூர்க்காரரிடம் கடிதப் போக்குவரத்து. கழிவு ஷீட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள அனுமதி இருக்கிறது, ஆனால் நான் அச்சில் விட்ட பிழையை நானே சேகரிக்க மனம் வரவில்லை.

காலம் கணிக்க எனக்கு லேபிளில் உள்ள விலை போதும். 50 பைசா என்றிருந்தால் 2007க்கு முந்தியது. ஒரு ரூபாய் என்றால் அதிலிருந்து 2021 நவம்பர் வரை. டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். பதினான்கு ஆண்டு விலை ஏறாத பண்டம் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள். மரச்சீவல் பெட்டிக் காலத்து லேபிள் என்றால் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் பசை விட்டுவிடும். வெந்நீர் வேண்டாம், பழைய சிவப்பு மை கரையும். இப்போது அட்டைப் பெட்டியில் நான்கு பக்கமும் நேரடியாக அச்சிடுவதால் பெட்டியையே பிரித்துத் தட்டையாக வைக்க வேண்டியிருக்கிறது, ஆல்பம் தடித்துப்போகிறது.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்களே, கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அவர் சேர்த்ததை, அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுதான் இன்று சென்னையில் நூலகமாக இருக்கிறது. எழுத்துக்கு வண்ணம் பூசிய கைக்கு நோட்டீஸைக் கசக்கிப் போட மனம் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

கொலுசுப்பட்டறை (சேலம்):

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வேலை. பழைய வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவந்து கொலுசாக மாற்றித் தரச் சொல்வார்கள். நான் காசில் ஆண்டு படிக்கக் கற்றது வரலாற்று ஆசையால் அல்ல, மாற்று பார்க்க, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று அறிய. விக்டோரியாவிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் வரை ரூபாய்க்கு எடை ஒரு தோலா, 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். ஆறாம் ஜார்ஜ் காசில் 1940லிருந்து பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். இது தெரியாமல் எல்லாவற்றையும் உருக்கும் கிண்ணமான ஒரே மூசையில் போட்டால் பட்டறை நஷ்டம்.

அப்படிப் பிரிக்கும்போதுதான் பழக்கம் பிடித்தது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஏன் இவ்வளவு வருகிறது என்று குழம்பியிருக்கிறேன். அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள் என்று பிறகு படித்தேன். எந்த ஆண்டில் அடித்தது என்பதைத் தேதிக்கு அருகே உள்ள சிறு புள்ளிகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1911 ரூபாயில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டே யானைக்குத் துதிக்கையைச் சரியாகப் போட்டார்கள். 1939 ரூபாய்க்காக இன்னும் காத்திருக்கிறேன், கைக்கு வரவில்லை.

அபூர்வமான காசு ஒன்றைக் கண்டால் கொண்டுவந்தவரிடம் சொல்லிவிடுவேன்: "இதை உருக்காதீர்கள், சேர்ப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் தருவார்கள்." பாதிப் பேர், "நாளை மறுநாள் பேத்திக்குக் காதுகுத்து, கொலுசைத் தாருங்கள்" என்பார்கள். அவர்கள் காசு, அவர்கள் பேத்தி. மூசையை எடுத்துக்கொண்டு உருக்க உட்கார்ந்துவிடுவேன். கையில் பணம் இருக்கும் மாதத்தில் நானே கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்வேன், இல்லாத மாதத்தில் மூசைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வேலையில் இருப்பவன் சேகரிப்பாளனாக இருக்கக் கூடாது என்று மனைவி சொல்வதில் நியாயம் உண்டு.

பொருநைக்காசு (திருநெல்வேலி):

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்டக்டர் அண்ணன் எழுதியதை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

என் வேலையால் என்ன கிடைக்கிறது என்று நானும் சொல்ல வேண்டுமல்லவா? காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் சில்லறை தருவதில்லை, எல்லாம் போனில் பணம் அனுப்பிவிடுகிறார்கள். அசிட்டோன் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று தெரியும். பி.வி.சி. உறையில் வைத்த நாணயத்தில் படியும் பச்சைப் பிசுக்கைப் போக்க அது உதவும். கை நடுங்காமல் இடுக்கி பிடிக்கத் தெரியும். அவ்வளவுதான்.

சேலம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. பாட்டியின் 1901 விக்டோரியா ரூபாய் என்னிடம் இருக்கிறது. மாலையில் கோத்துப் போட மேலே ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டுப் புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்று எங்கள் தெரு ஆசாரி சொல்கிறார். செய்யலாமா?

கொலுசுப்பட்டறை (சேலம்):

செய்யாதீர்கள். வளையத்தை எடுக்க ஊதுகுழாய்ச் சூடு காட்ட வேண்டும், ராணியின் தலைப்பக்கம் நிறம் மாறிவிடும். எடுத்த பிறகும் விளிம்பில் பற்று இருந்த தழும்பு தெரியும், அரம் போட்டால் இன்னும் மோசம். வியாபாரி அந்த இடத்தைத்தான் முதலில் விரலால் தேடுவார். புளியின் புளிப்பு பழைய கருமையைத் தின்றுவிடும், பிறகு காசு நேற்றுச் செய்த பாத்திரம் போல இளிக்கும்.

வளையம் எந்தப் பக்கம் பற்றியிருக்கிறது, தேதிக்கு மேலா தலைக்கு மேலா? இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். ஆசாரியிடம் இப்போதைக்கு ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.